கிருபாவதி வாங்கிக்கொண்ட வலி

பாலாற்றங்கரையில், ஷூ கம்பெனிச் சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் என்று வாழ்கிற ஊர் ஒன்றில், கடல் தாண்டிப் போகிற பெண்கள் ஷூ அத்தனைக்கும் கிருபாவதியின் கால்தான் அளவாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மாதிரிக்கு என்று கேட்பது எப்போதும் முப்பத்தேழாம் நம்பர். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை, நடுவில் வளைகிற வளைவுவரை, கிருபாவதியின் கால் அச்சில் வார்த்த முப்பத்தேழு. தையல் லைனில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளின் வெறுங்காலை ஒருநாள் பேட்டர்ன் மாஸ்டர் ஜப்பார் பாய் பார்த்துவிட்டு, இந்தக் காலை மெஷினுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பது பாவம் என்று சொல்லி சாம்பிள் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவள் வேலை இதுதான்: புது மாடல் ஷூவைப் போட்டுக்கொண்டு அந்த அறையின் நீளத்துக்கு நடப்பது, எங்கே கடிக்கிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்வது, சொன்ன இடத்தைத் தோலின் மேல் சாக்பீஸால் தொட்டுக் காட்டுவது. அவள் தொட்ட இடத்தை ஜப்பார் பாய் பிரித்து, விரித்து, மறுபடி தைத்துக் கொடுப்பார்.

கால் விஷயத்தில் அவள் கறாரானவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு இந்தச் செருப்போடு இவள் எப்படி நாலு தெரு ஊர்வலம் போவாள் என்று கவலைப்படுவாள். அவளுடைய ஒரே மகள் ஹெப்சிபா பள்ளிக்கூடக் காலம் முழுக்க அகலமான, தட்டையான, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட்ட கறுப்பு ஷூவிலேயே வளர்ந்தாள். ஷூ ஊரில் பிறந்து, ஷூக்காரிக்கு மகளாகியும், வகுப்பிலேயே அசிங்கமான ஷூ தன்னுடையதுதான் என்பதை ஹெப்சி ஒருநாளும் மன்னிக்கவில்லை.

"வாத்து காலு மாதிரி கீதும்மா," என்பாள்.

"எந்த வாத்தாவது நொண்டி நீ பாத்துகிறியா?" என்று கிருபாவதி கேட்பாள்.

ஒரு வருஷம் ஆர்டர் வற்றிப்போனது. ஆற்றில் தண்ணீர் வற்றியபோதுகூட ஊர் அப்படி வாடவில்லை. லைன் லைனாக மெஷின்களுக்கு உறை போட்டு மூடினார்கள். கம்பெனி பஸ் பாதி சீட்டு காலியாக வந்து போனது. தையல் லைனில் கிருபாவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த தனபாக்கியம் வீட்டில் அப்பளம் இட ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் கடல் தாண்டி ஒரு அம்மாள் கையில் படத்தோடு வந்து இறங்கினாள். ஊசி மாதிரி முன்மூக்கு, பென்சில் கனத்தில் குதி, ஒயின் நிறம். ஜப்பார் பாய் அதை மயிரிழை பிசகாமல் செய்து கொண்டுவந்து வைத்தார். பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

கிருபாவதி காலை நுழைத்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டது, கட்டைவிரல் உள்பக்கம் மடங்கியது, உடம்பின் பாரம் முழுக்கக் குதியிலிருந்து சரிந்து முன்பாதத்தில் வந்து இறங்கியது. அதோடு நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், இன்றைக்கு ஏதாவது நல்ல சேதி தெரியும் என்று வேலை இல்லாத பெண்களெல்லாம் வந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தனபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்மூக்கை ஒரு நூல் அகலமாக்கினாலும் இந்த அம்மாள் வேறு நாட்டுக்குப் போய்விடுவாள் என்று ஜப்பார் பாய் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"எங்கனா வலிக்குதான்னு கேக்குறாங்க கிருபா," என்றார் அவர்.

"எங்கயும் வலிக்கல பாய்."

சொன்ன வாய் மூடுவதற்குள் வலி நின்றுபோனது. வந்த அம்மாள் தனக்கென்று செய்யச் சொல்லியிருந்த இன்னொரு ஜோடியை ஆசையாகப் போட்டுக்கொண்டாள். அதோடேயே கம்பெனி முழுக்கச் சுற்றிப் பார்த்தாள், அதோடேயே கார் ஏறிப் போனாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சாயங்காலம் வீட்டில் வெறுங்காலோடு நின்று அரிசி களைந்துகொண்டிருந்த கிருபாவதிக்குச் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறுகிற வலி வந்தது, கட்டைவிரல் மடங்குகிற வலி வந்தது, பாரம் சரிந்து முன்பாதத்தில் இறங்கியது. அந்த அம்மாள் ஏர்போர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறாள் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அரிசியை உலையில் போட்டுவிட்டு, தோல் பதனிடுகிற வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த புருஷன் சாலமோனிடம், "நான் சொன்ன பொய்யி எங்கிட்டயே வந்துட்சு," என்றாள். சாலமோன் அவள் காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டான்.

கப்பலில் போன பெட்டிகள் அந்தந்த நாட்டில் பிரிந்ததும் வலி வரிசை கட்டி வரத் தொடங்கியது. வலிக்காத ஊசிமூக்கு ஷூ என்று அங்கே பேர் எடுத்துவிட்டதாம், போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் தெரிவதில்லையாம், வாங்கியவள் தங்கைக்கும் வாங்கினாளாம், தங்கை சிநேகிதிக்குச் சொன்னாளாம். இங்கே மெஷின்களின் உறையைக் கழற்றினார்கள், புது லைன் போட்டார்கள், பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போனது. இங்கே பதினோரு மணி டீ குடிக்கும்போது அங்கே பொழுது விடியும். அந்தப் பெண்கள் ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பக் கிளம்பக் கிருபாவதியின் பாதம் கொதிக்க ஆரம்பிக்கும். கண்ணால் பார்க்காத பெண்களை அவள் காலால் தெரிந்துவைத்திருந்தாள்: ஒருத்தி தினமும் செங்குத்தான படி ஏறுகிறாள், ஒருத்தி கல் பதித்த தெருவில் பஸ்ஸுக்கு ஓடுகிறாள், ஒருத்தி நின்றபடியே காலை மாற்றி மாற்றிப் பாரம் போடுகிறாள், ஒருத்திக்கு மாசம் ஏற ஏறக் கால் வீங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் வலி வந்தால் மட்டும் கிருபாவதி வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள், தான் உட்கார்ந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பது போல.

ஒருத்தியின் கால் எத்தனை பேரைத்தான் தாங்கும். நொண்டி நொண்டி பஸ் ஏறியவளைப் பார்த்துத் தனபாக்கியம், "எங்க வூட்டு அடுப்பு எரியறதுக்கு நீ ஒருத்தியே எரியணுமாக்கா, குடு இங்க," என்று எதிர் சீட்டில் உட்கார்ந்து, உள்ளங்காலோடு உள்ளங்காலை ஒட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலியில் ஒரு பங்கு அந்தப் பக்கம் இறங்கியது, ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மகளிர் குழு கூடும். டப்பாவில் துண்டுச்சீட்டைப் போட்டுக் குலுக்கி, அந்த வாரம் யாருக்கு எந்த நாட்டு வலி என்று எடுப்பார்கள். குளிர் நாட்டுக்குத்தான் போட்டி, பனி பெய்தால் அங்கே பெண்கள் வேறு ஷூ போட்டுக்கொள்வார்கள், இவர்களுக்கும் ஓய்வு. வார முடிவில் விடிய விடிய ஆடுகிற நாட்டை எடுத்தவளை மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள், ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். கிறிஸ்மஸ் மாசத்தில் வலி வெள்ளமாக வரும்போது முஸ்லிம் தெருப் பெண்கள் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் நோன்பு பிடிக்கிற மாசத்தில் அவர்கள் பங்கை இவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஊரும் பழகிக்கொண்டது. பிரியாணிக் கடைக்காரர்கள் வாசலில் உப்புப் போட்ட வெந்நீர் அண்டாவும் பக்கத்தில் பெஞ்சும் போட்டார்கள், பார்சல் கட்டுகிறவரைக்கும் காலை ஊறவைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குக் கம்பெனி ஸ்வீட் பாக்ஸோடு தைலப் பாட்டிலும் சேர்த்துக் கொடுத்தது. பாஸ்டர் பிறர் பாரம் சுமப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதை எல்லாரையும் நிற்கவைத்துக்கொண்டே பேசியதுதான் தப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் "வலி வாங்குற பொண்ணா?" என்று விசாரித்தார்கள், வாங்குகிறவள் என்றால் பொறுமைசாலி என்று அர்த்தம். ஆண்களுக்கு மட்டும் அது ஒட்டவே இல்லை. சாலமோன் தினமும் சாயங்காலம் தன் பாதத்தை மனைவியின் பாதத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பான், ஒன்றும் வராது. எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது என்று ஒருநாள் அழுதேவிட்டான். இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. வேலை வந்தால் கூடவே வலியும் வரும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

ஹெப்சி காலேஜ் முடித்து, சென்னையில் ஒரு பெரிய நகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டுப்புடவை கட்டி, கொண்டை போட்டு, குதி உயர்ந்த ஷூவோடு கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. ஸ்டூல் இருந்தது, உட்கார நேரம் இருக்கவில்லை. சேருவதற்கு முந்தின வாரம் தாயும் மகளும் கம்பெனியின் ரிஜெக்ட் கடைக்குப் போனார்கள், சின்னக் குறை இருக்கிறது என்று கழித்த ஷூக்களை ஊர்க்காரர்களுக்கு விற்கிற கடை அது.

"தட்டையா போட்டா கடையில ஒத்துக்க மாட்டாங்கம்மா," என்று ஹெப்சி முன்கூட்டியே சொல்லி வைத்தாள். "எல்லாரும் ஒரே உசரத்துக்கு நிக்கணுமாம்."

கிருபாவதி ஒவ்வொரு ஷூவாக எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவினாள், வளைத்தாள், தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. குதி இருந்தது, ஆனால் பாதி உயரம், கனமான குதி. முன்பக்கம் விரல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்கிற அகலம். உள்ளே மெத்தென்ற தோல். பார்க்கச் சுமார்தான். அம்மாவின் கையில் அதைப் பார்த்ததும் ஹெப்சியின் முகம், பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் ஒவ்வொரு வருஷமும் எப்படி வாடுமோ அப்படி வாடியது. அவள் வேண்டாம் என்று சொல்லக்கூட இல்லை, சரிம்மா என்றாள். அந்த சரியைத்தான் கிருபாவதியால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் பிள்ளையின் ஆசையை மிதித்துத்தானே அதன் காலைக் காப்பாற்றினோம், இப்போது ஆசையும் தீரும், காலும் வலிக்காது, அதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல ஷூவைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, ஒயின் நிற ஊசிமூக்கை எடுத்து மகளின் முன்னால் வைத்தாள்.

"இதப் போட்டுக்க. வலி எனக்கு வந்துடும். உனக்கு ஒண்ணியும் தெரியாது."

"உனக்கு வலிக்குமேம்மா."

"எவளெவளோ வலியெல்லாம் வாங்குறேன். உன்னுது வாங்க மாட்டனா?"

ஹெப்சி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததைக் கிருபாவதி அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு தாய் செய்ததைப் பார்த்து மற்ற தாய்மார்களும் செய்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நின்று வேலை பார்க்கிற பெண்களுக்கெல்லாம் இங்கிருந்து ஒயின் நிற ஷூ போனது. அந்த வலிகளைக் குலுக்கலில் போட வேண்டியிருக்கவில்லை. யாரும் வழி சொல்லாமலே ஒவ்வொன்றும் பெற்றவளைத் தேடி வந்து சேர்ந்தது.

காலை எட்டு மணிக்கு ஹெப்சி ஹாஸ்டலில் ஷூவை மாட்டுவாள். கடல் தாண்டிய பெண்கள் எல்லாரும் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள். ஆக பதினோரு மணி டீ வரைக்கும் கிருபாவதியின் காலில் இருப்பது ஒரே ஒரு வலி, அது மகளுடையது. இதோ பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள், பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, கடைப் படி ஏறிவிட்டாள், கவுண்டருக்கு வந்து நின்றாள் என்று சாம்பிள் ரூமில் இருந்தபடியே மகளோடு கூடவே போவாள். போனில் ஹெப்சி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அலுப்பு. வலிதான் எல்லாவற்றையும் சொன்னது. "காத்தாலயும் நொண்டுறியேக்கா, குடு," என்று தனபாக்கியம் காலை நீட்டினால், "இது இருக்கட்டும்," என்று கிருபாவதி தன் காலை இழுத்துக்கொள்வாள். நாளாக நாளாக ஷூவுக்கு வெளியே பட்டதும் அவளுக்கே வந்தது. ஹாஸ்டல் வாசலில் மிதித்த கல், கட்டிலில் இடித்துக்கொண்ட விரல், எல்லாம். ஹெப்சியின் கால்கள் வலி என்றால் என்ன என்பதையே மறந்துபோயின, கிருபாவதி அதையும் ஒரு பாக்கியமாகத்தான் நினைத்தாள்.

அட்சய திருதியை நெருங்குகிற நாளில் அந்த வலி மாறியது. இடது சுண்டுவிரலின் வெளிப்பக்கம், நூலை இழுத்துத் தேய்க்கிற மாதிரி ஒரு எரிச்சல். உள்தையல் பிரிந்திருக்கிறது என்று கிருபாவதிக்கு உடனே தெரிந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். போன் செய்தாள்.

"சின்ன கொப்புளம்தாம்மா, பிளாஸ்டர் ஒட்டிட்டேன்," என்றாள் ஹெப்சி. "வலிக்கவே இல்ல."

"எனக்கு வலிக்குதுடி. அந்த ஷூவ வுட்டுட்டு வேற போடு."

"உனக்கு ரொம்ப வலிக்குதாம்மா?" மகளின் குரல் தயங்கியது. "வேற வாங்கப் போக நேரமே இல்லம்மா. கூட்டம் நெரியுது, இந்த வாரம் மட்டும் தாங்கிக்க."

அந்த வார்த்தையில் கிருபாவதி விழுந்துவிட்டாள். தாங்கிக்கொள் என்று மகள் கேட்டால் எந்தத் தாய் தாங்காமல் இருப்பாள். எரிச்சல் குத்தலாகியது, குத்தல் தெறிக்கிற வலியாகிக் கணுக்கால்வரை ஏறியது. சாம்பிள் ரூமில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜப்பார் பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைப்பாள், வலிதான் இங்கே இருக்கிறதே, பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று சமாதானம் செய்துகொள்வாள். ஒருநாள் காலை எட்டு மணி ஆயிற்று, வலி வரவில்லை. ஒன்பது மணிக்கும் வரவில்லை. இடது கால் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. புண் ஆறிவிட்டது என்று கிருபாவதி தனபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள், மறுநாளும் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாட்டுக்காகப் பின்னாளில் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஹெப்சியோடு ஒரே அறையில் இருந்த பெண்தான் போன் செய்தாள். ரூமில் ஏதோ வாடை அடிக்குது ஆன்ட்டி, நாங்க எலி செத்துருச்சோன்னு தேடினோம், இவ கால்லதான், நீங்க வாங்க என்றாள். கிருபாவதியும் சாலமோனும் அடுத்த ரயிலில் கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஹெப்சி பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து, வலி எதுவும் இல்லாத தெளிவான முகத்தோடு, எதற்கு எல்லாரும் இப்படிப் பதறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் பாதி கறுத்துப்போயிருந்தது.

"இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்களே," என்றாள் டாக்டர். "ஆரம்பத்துல உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே."

"இல்ல டாக்டர்," என்றாள் ஹெப்சி.

"வலிச்சுதும்மா," என்றாள் கிருபாவதி. "எனக்கு வலிச்சுது. அப்புறம் நின்னுட்சு. ஆறிட்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "செத்த சதைக்கு வலி கிடையாதும்மா," என்று மெதுவாகச் சொன்னாள்.

இடது பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகும் ஹெப்சிக்கு வலிக்கவில்லை. கட்டுப்போட்ட காலை அவள் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், கிருபாவதி கட்டிலுக்குக் கீழே தரையில் சுருண்டு கிடந்து முனகினாள். டாக்டர் வந்து ஹெப்சியின் வலது காலை எடுத்து, விரல்களுக்கு அடியில் ஊசியால் குத்தினாள். ஹெப்சி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த கிருபாவதி வலது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டாக்டர் இன்னொரு இடத்தில் குத்தினாள், கிருபாவதி பல்லைக் கடித்தாள். வலது காலிலும் சுண்டுவிரலோரம் ஒரு கொப்புளம் இருந்தது.

"இந்த வலியும் உங்ககிட்டதான் இருக்கா?" என்று டாக்டர் கேட்டாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை, கிருபாவதியின் ஊரிலிருந்து வந்த தாய்மார்கள் சிலரை அவள் முன்பே பார்த்திருக்கலாம். "காலுக்குக் காவல் வலிதாம்மா. அதை நீங்க வாங்கி வச்சுக்கிட்டா இந்தக் காலையும் என்னால காப்பாத்த முடியாது. திருப்பிக் குடுத்துடுங்க."

கிருபாவதி மறுநாள் விடிந்ததும் சாலமோனை மகளிடம் விட்டுவிட்டு, சாம்பிள் ரூமில் சொன்ன பொய்யை அதே இடத்தில் திருப்பி எடுக்க ஊருக்கு ரயில் ஏறினாள். எதற்கு வருகிறாள் என்பது அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. கம்பெனி கேட்டில் பெண்கள் கூடி நின்றார்கள். நின்றார்கள் என்பது பேச்சுக்கு, பாதிப் பேர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியம் முன்னால் வந்தாள்.

"சொல்லிடாதக்கா."

"வேல போயிடும்னு பயப்படுறியா?"

"வேல போனா போவுது, அப்பளம் இட்டுக்குறேன். பெங்களூர்ல எம் பொண்ணு நாள் பூரா நின்னுகினு கீறா. நீ சொல்லிட்டின்னா அவளுக்கு வலிக்கும்க்கா." தனபாக்கியம் அழுதாள். "அவளால தாங்க முடியாது. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

கிருபாவதிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. போன மாசம் என்றால் இதே வார்த்தையை அவளும்தான் சொல்லியிருப்பாள்.

"எம் பொண்ணு காலு பாதிதான் கீது தனம்," என்றாள். "வலிக்கட்டும். அவளுங்களுக்கு வலிக்கட்டும்."

ஜப்பார் பாய் சாம்பிள் ரூமைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். சொன்னால் கம்பெனி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனாலும் அவர் முதன்முதலாகச் செய்த அந்த ஜோடியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கிருபாவதி காலை நுழைத்தாள். நடக்கக்கூட இல்லை.

"வலிக்குது பாய்," என்றாள். "போடுற எல்லாருக்கும் வலிக்கும்."

கால் அப்போதே லேசாகிவிட்டது. கேட்டில் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூக்கியிருந்த காலைத் தரையில் ஊன்றினார்கள், யாரும் சந்தோஷப்படவில்லை, எல்லாரும் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாவதி ஸ்டேஷனுக்கு நடந்து போகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு போன் அடித்தது, எடுத்தவள் எல்லாம் "இன்னாடி கண்ணு, எங்கடி வலிக்குது," என்று அழுதாள். பிளாட்பாரத்தில் தனபாக்கியம் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அவள் மகளும் பேசியிருந்தாள். அம்மா, பெருவெரலுக்கடியில இவ்ளோ பெரிய புண்ணும்மா, இத்தினி நாளா நான் பாக்கவே இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிகினு இருக்கேன் என்றாளாம். தனபாக்கியம் அதை மட்டும் சொன்னாள். நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை, ரயில் வந்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

சென்னையில் இறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் கிருபாவதி நொண்டாமல் நடந்தாள், எத்தனையோ காலத்துக்கப்புறம் நேராக நடந்தாள், அந்த நடை அவளுக்கு வெறுப்பாக இருந்தது. வார்டுக்கு வெளியே சாலமோன் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். உள்ளே ஹெப்சி கத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவளுக்கு வராமல் போன வலியெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்திருந்தது, அறுத்த இடத்தில் வந்திருந்தது, அறுத்து எடுத்துவிட்ட விரல்களில்கூட வந்திருந்தது. நர்ஸ் போட்ட ஊசி அதற்கு எந்த மூலைக்கும் போதவில்லை.

"அம்மா, வலிக்குதும்மா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "முடியலம்மா. நீ வாங்கிக்குவல்ல. வாங்கிக்கம்மா."

"மாட்டேன்டி கண்ணு," என்றாள் கிருபாவதி.

"கொஞ்ச நேரம் மட்டும். காலு மரத்தாப் போதும்மா. வாங்கிக்க."

"மாட்டேன்டி."

ஹெப்சி கையை உதறினாள். நீ ஒரு அம்மாவா என்று கேட்டாள், நீதானே இதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாய் என்று கேட்டாள், சின்ன வயசிலிருந்து கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள். கிருபாவதி கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். மகளின் வலது காலை மூடியிருந்த போர்வையை விலக்கி, சுண்டுவிரலில் கொப்புளம் இருந்த இடத்தை ஒரே ஒரு விரலால், பூவைத் தொடுவது போலத் தொட்டாள். ஹெப்சி வீறிட்டுக்கொண்டு காலை இழுத்துக்கொண்டாள். "தொடாத, நீ தொடாத," என்று அழுதாள். அந்தக் கால் பிழைத்துவிட்டது என்று கிருபாவதிக்குத் தெரிந்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவளும் அழுதாள்.